மூன்றாவது ஆள்

எட்டு வருசமாய் நான் மூன்றாவது.
அவர்கள் இருவரையும் எனக்குத் தெரிந்த அளவு
நடுவருக்குத் தெரியாது.
அவர் முன்னால் இருக்கிறார்,
கதிரையில், விசிறிக்குக் கீழே.
நான் பக்கத்தில் நிற்கிறேன்
வயிற்றை எக்கி, மூச்சைப் பல்லுக்குள் பிடித்து,
ஓரக்கண்ணால்.

நவ்சாத், கிண்ணியா.
நாற்பத்து மூன்று வயது.
கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருசம்
முகாமில் இரண்டு பால்மா டின்னில் சீமெந்து ஊற்றி
நடுவே பைப்பைச் செருகித் தூக்கத் தொடங்கிய உடம்பு.
முதுகு என்றால் அது முதுகு.
விரித்தானென்றால்
பின்திரையில் அனுசரணையாளர் பெயர் பாதி மறையும்.
இடது நெஞ்சில் மட்டும் ஒரு பள்ளம்,
தசை கிழிந்த இடம்,
கட்டைவிரல் புதையும்.
பதினாறு வருசமாய் எந்த நடுவரும்
அதை முழுதாய்க் கண்டதில்லை.
முதல்நாளே மண்டபத்துக்குப் போய்
எந்த விளக்கு எரியாது என்று பார்த்துவிட்டு வருவான்.
அடுத்தநாள் அந்த இருட்டுக்குள்
பள்ளத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு
சிரிப்பான்.

எமில்டன், பாலையூற்று. இருபத்தேழு.
அவனுக்குத் தோல் இல்லை,
வெங்காயச் சருகைச் சுற்றி விட்டிருக்கிறார்கள்.
தொடையை இறுக்கினால்
அரைவாசி உரித்த தேங்காய், நார் நாராய்.
கெண்டைக்கால் கொக்கினுடையது.
சொல்லிப் பாருங்கள்,
தாயைப் பேசினமாதிரிக் கோபம் வரும்.
மேடையேறி ஐந்து வருசம், அதற்குள் நாலு பட்டம்,
அதில் ஒன்று டுபாயில்.
விளக்கு எங்கே என்று அவன் பார்ப்பதில்லை.
விளக்கு தன்னைப் பார்க்கும் என்று நினைக்கிறான்,
பார்க்கவும் செய்கிறது.

தேத்தண்ணிக் கடையில் இதே கதைதான்.
நவ்சாத் மாடு, இன்னும் பத்து வருசம் இழுக்கும் என்பார் ஒருவர்.
எமில்டன் மான் என்பார் மற்றவர்.
மானா? கோட்டை வாசலில் பொலித்தீன் தின்னுது,
போய்ப் பார் மானை.
என் பெயர் வரும்வரை
ஒருநாளும் தேத்தண்ணி மிஞ்சியதில்லை.

இம்முறை தராசு பழுது.
மீன் சந்தையிலிருந்து சூரை நிறுக்கிறதைக்
கொண்டுவந்து வைத்தார்கள்.
நவ்சாத் எண்பத்தொன்பது.
எமில்டன் எண்பத்தெட்டே முக்கால்.
நான் ஏறும்போது
எழுதுகிறவர் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார்.
இறங்கினேன்,
உள்ளங்காலில் ஒரு செதில்.

கடைசி ஒப்பீடு.
இரண்டு பேரை மட்டும் முன்னே கூப்பிட்டார்கள்.
பின்னால் நின்றதால் கண்டேன்:
நாலு குதிகாலும் நடுங்கின.
பூசிய நிறம் வேர்வையோடு முழங்காலில் இறங்கி
பலகையில் சொட்டுச் சொட்டாய், ஆணம்போல.
மூன்று நாளாய்த் தண்ணீர் குடிக்காத உடம்புகளில்
இவ்வளவு தண்ணீர் எங்கிருந்தது?
சனம் விசிலடித்தது.
எமில்டன்தான். கால் புள்ளி.
நவ்சாத் அவன் தோளைத் தட்டினான்,
அப்போதும் இடது பக்கத்தைக் காட்டாமல்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி.
இரத்தம் கொடுத்த முடிவு வாங்கும் வரிசையில்
முன்னால் முழுக்கைச் சட்டை ஒன்று,
அதற்கு முன்னால் தொப்பியை இழுத்துவிட்ட ஒன்று.
முதுகைக் கண்டால் எனக்குத் தெரியாதா.
மூன்று பேரும் வாங்கில் நெருங்கி இருந்தோம்.
வாங்கு ஒருமுறை முனகியது.
கடதாசிகளை நவ்சாத் தான் வாங்கி
மடியில் அடுக்கினான்.
கிரியேட்டினின்:
எமில்டன் இரண்டு தசம் மூன்று,
அவன் ஒன்று தசம் ஆறு,
நான் பூச்சியம் தசம் ஒன்பது.

குறைந்தவனுக்குத்தான் இதில் முதலிடம்.

நவ்சாத் கொஞ்சநேரம் கணக்குப் பார்த்தான்.
பிறகு எழும்பி
என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினான்,
மேடையில் தூக்குவதுபோல், முழு நீளத்துக்கு.
சேலைன் தாங்கி ஒன்று சாய்ந்தது.
“இதென்ன விளையாட்டு, இருங்கோ” என்று தாதி ஏசினாள்.
மருந்துச் சீட்டோடு இருந்த ஒரு கிழவர்
என்னவென்று தெரியாமலே
இரண்டு தரம் கைதட்டினார்.

எமில்டன் சிரிக்கவில்லை.
கடதாசியை எட்டாய் மடித்து
சட்டைக்குள் வைத்தான்.
நவம்பரில் கொழும்பு, என்றான்.
பிறகு என் காலைப் பார்த்து,
முதல்தடவையாக,
“உன்ர கெண்டைக்கால் நல்லா இருக்கு அண்ணை,
என்ன செய்யிறனீ?”
என்று கேட்டான்.